மாரி நாள் தப்பினால் யாரைக் கேட்பது?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்துப் பிள்ளை ஒருவர், இப்போது கொழும்பில் படிப்பவர், கேட்டிருப்பது இது. அப்பா ஐப்பசியில் விதைத்த நெல் மழையில்லாமல் முளைக்கவில்லை. கார்த்திகையில் இரண்டாம் தரம் விதைத்தார். அது விளைந்து வெட்டுக்கு நின்ற நேரம் மாசியில் மழை பிடித்துக்கொண்டது. கதிர் சரிந்து தண்ணீரில் கிடந்தது. விவசாயிகள் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "காலநிலை மாற்றம், என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவோ, "காலநிலையும் இல்லை ஒண்டும் இல்லை, தண்ணி விடவேண்டிய நேரத்தில விடேல்லை" என்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் வேளாண்மை, கடல் தொழில், கோயில் குளம் எல்லாவற்றிலும் இது எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது? கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மேலே பார்த்தால் மழையைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, இந்த நட்டத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது. அதற்குத்தான் நானும் பதில் எழுதப் பார்க்கிறேன்.

நான் நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் காலை 8.30க்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து கொப்பியில் பதிவதும், குளத்து அளவுகோலைப் பார்ப்பதும், துருசு (குளத்து மதகு) எவ்வளவு திறந்திருக்கிறது என்று எழுதுவதும் என் தொழில். ஆகவே மழை, குளம், வாய்க்கால் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். கடல் பற்றி நான் சொல்வது கடற்றொழில் செய்யும் என் உறவினர்கள் வாயிலாக அறிந்தது. நோய்கள் பற்றி ஒரு சாதாரண வாசகனின் அறிவுதான்.

முதலில் சந்தேகமில்லாதவை. திருகோணமலைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று, நம் பேச்சில் வாடை. வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு நவம்பர், டிசம்பர் என்ற இரண்டே மாதத்தில் விழுந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தெற்கிலும் மேற்கிலும் மழை கொட்டும்போது, அந்தக் காற்று மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டுக் காய்ந்த கச்சானாக நம் பக்கம் இறங்கும். "கர்ணனுக்கு மிஞ்சிய கொடையில்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையில்லை" என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது நமக்கு முழுதாகப் பொருந்தாது. நமக்கு மார்கழியும் மழை மாதம்தான். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இதில் பிடிக்கவேண்டிய விஷயம் ஒன்று. ஒரு வருட வாழ்வை இரண்டு மாத மழையில் கட்டியிருக்கிறோம். வருடத்தின் மொத்த மழை மாறாமலே இருந்தாலும், அது மூன்று கிழமை பிந்தினால் எங்களுக்கு அது வேறு வருடம்.

அடுத்தது வெப்பம். 1850 முதல் 1900 வரையான காலத்தோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரை உலகச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. 2024ஆம் ஆண்டு தனி ஆண்டாக 1.5 பாகையைத் தாண்டியது. இது கருத்து இல்லை, அளவீடு. இலங்கையும் சூடாகியிருக்கிறது, பகல் வெப்பத்தைவிட இரவுக் குளிர் குறைந்ததே தெளிவாகத் தெரிகிறது. கச்சான் நாட்களில் முன்பு விடியப்புறமாவது முற்றத்தில் பாய் போட்டுப் படுக்க முடிந்தது என்று பெரியவர்கள் சொன்னால், அதை வெறும் பழைய நினைவு என்று தள்ளிவிடாதீர்கள். அத்தோடு இன்னொரு கணக்கு: காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். பெய்யும் நேரத்தில் பெருமழையாகக் கொட்டுவதற்கு இது ஒரு காரணம். காய்கிற நேரத்தில் மண்ணையும் குளத்தையும் விரைவாக உறிஞ்சுவதும் அதே சூடுதான்.

இனிச் சந்தேகமானவை. திருகோணமலையின் ஆண்டு மொத்த மழை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டால் ஒரு நேர்கோடு போட்டுக் காட்ட முடியாது. நம் மழை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவது அவ்வளவு பெரிது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கூடுவது வழக்கம். தை, மாசியில் குறையும். இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகிற இருமுனை நிலையும் அப்படித்தான். 2016இல் அது மிகக் கடுமையாக, நமக்கு மழை குறையும் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பின் 2016/17 பெரும்போகம் (மாரி நெற்செய்கை) நாடு முழுவதும் எப்படிக் காய்ந்தது என்பது விவசாயிகளுக்கு மறக்காது. இந்த ஊசலாட்டம் காலநிலை மாற்றத்துக்கு முன்னும் இருந்தது. ஆகவே உங்கள் அப்பாவின் ஒரு போகத்தைக் காட்டி, "இது காலநிலை மாற்றம்" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. "இதில் அதற்குப் பங்கே இல்லை" என்றும் சொல்ல முடியாது. என் கொப்பிகளில் நான் கண்டது, முதல் மழைக்கும் தொடர் மழைக்கும் நடுவில் விழும் மழையில்லாத நாட்கள் பிற்காலத்தில் எங்களை அதிகம் ஏமாற்றின என்பது. அது ஒரு மனிதன் ஒரு மழைமானியில் பார்த்தது. அதை மாவட்டத்துக்கே உரிய உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புயலிலும் இதே கவனம் வேண்டும். 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாக ஏறி, வவுனியா, மன்னார் தாண்டிப்போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலை இன்றும் வயதானவர்கள் சொல்வார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பு சிதைந்தது. 2000 டிசம்பர் 26இல் மறுபடி நம் கரையில் ஏறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி திருகோணமலைக்கு வடக்கே கரை தட்டியது. ஆக, புயல் நமக்குப் புதிய விருந்தாளி இல்லை. எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்வோருக்கு ஆதாரம் பலவீனம். சூடான கடலில் பிறக்கும் புயல் கூடுதல் மழையைச் சுமந்து வரும் என்பதற்கு ஆதாரம் பலம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை இப்படித்தான் பார்க்கிறேன். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகப் பெரிய இழப்பு மலைநாட்டு மண்சரிவுகளில். மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் வந்த வெள்ளத்தில் பெரும்பகுதி நம் மழை இல்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா மலைகளில் விழுந்த மழை மகாவலியில் இறங்கி, கொட்டியாரக் குடாவைத் தேடி வந்தது. நம் மழைமானியில் வெயில் அடித்த பிறகும் வெருகலில் தண்ணீர் ஏறலாம். இதைத் தெரிந்து வைத்திருக்காத குடும்பங்கள்தான், "மழை விட்டிட்டுது" என்று பாடசாலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி மறுபடி மாட்டிக்கொள்கின்றன. அந்த வெள்ளத்தில் மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. 2006 ஜூலையில் அதே மாவிலாற்றின் கதவை விடுதலைப் புலிகள் மூடியதும், கீழே சேருவில, ஈச்சிலம்பற்று, மூதூர் வயல்களுக்குத் தண்ணீர் நின்றதும், அதைக் காரணமாக வைத்து நாலாம் கட்டப் போர் மூண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே இடம். ஒரு தரம் தண்ணீர் மறிக்கப்பட்டுச் சனம் அழிந்தது, இன்னொரு தரம் தண்ணீர் மறிக்க முடியாமல் சனம் அழிந்தது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. இரண்டு தரமும் கூடுதலாக அடிபட்டது தாழ்நிலத்தில் இருந்த அதே ஏழைக் குடும்பங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும்.

இப்போது அப்பாவின் பக்கம் வருகிறேன். அவர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளம்தான் தாய். குளக்கோட்டன் கட்டினான் என்று கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் சொல்லும், அக்கபோதி மன்னன் கட்டியது என்று சிங்கள மரபு சொல்லும். யார் கட்டியிருந்தாலும், அதன் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் போகும் என்பதை முடிவு செய்வது மனிதர்கள். 1986 ஏப்ரல் 20 விடியற்காலை அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அது மாரி மழையில் நடந்தது இல்லை. மழைக்காலமே இல்லாத சித்திரையில், கட்டில் இருந்த பலவீனத்தால் நடந்தது. குளத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருடத்தில், வாய்க்காலின் தலையில் இருப்பவர் இரண்டு நாள் கூடுதலாக மறித்தால் கடைசியில் இருப்பவருக்கு ஒரு நாளும் கிடைக்காது. வாய்க்கால் துப்புரவு செய்யப்படாமல் சல்வீனியா என்ற நீர்க்களை மூடிக் கிடந்தால் விடுகிற தண்ணீரில் கணிசமான பங்கு வழியிலேயே நின்றுவிடும். இவற்றையெல்லாம் "காலநிலை மாற்றம்" என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடுவது பிழை. எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு மார்கழி இரவில் மேலே ஒரு குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். கீழே இருந்த எங்களுக்குச் செய்தி வந்தபோது தண்ணீர் வரம்பைத் தாண்டிவிட்டது. விதைத்து ஆறு கிழமையான பயிர் அழிந்தது. மறுநாள் எழுதிய அறிக்கையில் காரணம் "அதிக மழைவீழ்ச்சி" என்று போடப்பட்டது. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். மழை அதிகம்தான், பொய்யில்லை. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டு மணித்தியாலம் முன்னால் வந்திருந்தால் மாடுகளையாவது மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அந்த அறிக்கையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடலுக்கு வந்தால் காற்றே நாட்காட்டி. மேற்குக் கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கடலைக் குழப்பும் மாதங்களில் நம் கடல் அமைதியாக இருக்கும். அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பல தலைமுறையாக இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்கிறார்கள். வாடை எழும்பினால் திரும்பிப் போவார்கள். சிலர் இங்கேயே குடியானார்கள். கரைவலைப் பாடு (கரையிலிருந்து வலை இழுக்கும் இடம்) யாருக்கு என்ற சண்டையும், அதன் பின்னால் வந்த காணி, குடியேற்ற அரசியலும் அந்தப் பருவகால வருகையோடு பின்னிக் கிடக்கின்றன. காற்றின் நாள் முன்பின் ஆகிறது என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். எண்ணாக வைத்து நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மாறினால் என்னவாகும் என்பது மட்டும் விளங்குகிறது. வந்தவர் போகாமல் நிற்க, ஊரவர் வலை இறக்க, ஒரே வலைப்பாட்டில் இரண்டு வள்ளம் நிற்கும். கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடுகிறது. ஆனால் நம் கரையில் தென்னை விழுந்தால் உடனே கடல் மட்டத்தைச் சாட்ட வேண்டாம். மகாவலியில் அணைகள் எழுந்த பின் கீழே வரும் மணல் குறைந்தது. வருகிற கொஞ்சத்தையும் ஆற்றிலேயே அள்ளுகிறோம். கரைக்கு மணல் எங்கிருந்து வரும்? நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்), 1998இல் தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் சூடாகி முருகை வெளிறி இறந்தபோது பெருமளவு தப்பின. இனிமேலும் தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை அவற்றின் மேல் ஏறி நிற்கும் கால்களையாவது நிறுத்தலாமே. (சுனாமியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2004இல் வந்தது நிலநடுக்கத்தால். காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

நோய் பற்றி ஒரே ஒரு விஷயம். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வருடம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. வறட்சியில் தண்ணீரைத் தொட்டியிலும் பீப்பாவிலும் பிடித்து வைப்பதும் நுளம்புக்கு வீடாகும் என்பதை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வைரஸ் வகை மாறியது, குப்பை அள்ளாதது, வெப்பம் என்று பல காரணம் சேர்ந்தது அது. பங்கு பிரித்துச் சொல்ல நான் ஆளில்லை.

நீங்கள் கோயில் பற்றியும் கேட்டதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் சடங்குகள் பலவும் மழைக்கும் வெக்கைக்கும் பதிலாகப் பிறந்தவை. வைகாசி வெக்கையில் கண்ணகி அம்மனைக் குளிர்விக்கக் கிழக்கில் குளிர்த்திச் சடங்கு செய்கிறோம். மழை பிந்தினால் கிண்ணியாவிலும் மூதூரிலும் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறார்கள். தைப்பூசத்தில் புதிர் எடுப்பது நம் வீட்டு வழக்கம். ஐப்பசியில் விதைத்த மூன்றரை மாத நெல் தைக் கடைசியில் முற்றிவிடும், நாலு கதிரைக் கொண்டுவந்து சாமிக்கு வைத்துப் புதிர்ச் சோறு சாப்பிடுவோம். விதைப்பு கார்த்திகைக்குத் தள்ளினால் பூசத்தன்று வயலில் பச்சைக் கதிர்தான் நிற்கும். கடையில் வாங்கிய அரிசியில் புதிர் எடுத்த வருடம் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. அம்மா ஒன்றும் பேசாமல் சமைத்தார். வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழா ஆவணியில் வரும். கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் கச்சான் மாதங்களில் நம் மாவட்டத்தைக் கடப்பார்கள்; பஞ்சாங்கம் நாளைத் தள்ளிப்போடாது, அதனால் தண்ணீர்ப் பந்தலைக் கூட்டவேண்டியிருக்கிறது. பண்பாடு அழிகிறது என்று நான் சொல்ல வரவில்லை. மாத நாளும் வயல் நாளும் கைகோத்து நடந்தவை, இப்போது பிரிந்து நடக்கின்றன. என் பேரப்பிள்ளைகளுக்குப் புதிர் ஒரு கோயில் சடங்கு மட்டுமே.

அரசியலில் இன்னொரு புதிய கட்டமும் தொடங்கியிருக்கிறது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்ற திட்டம் வந்தது. எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடக்கிவைத்தார்கள். நிலக்கரிப் புகைக்குப் பதில் வெயில் என்றால் எனக்கு முழுச் சந்தோசம். ஆனால் அதே 2025இல் நம் மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள், தாங்கள் செய்கை பண்ணிய நிலம் சூரிய மின் திட்டத்துக்குப் போகிறது என்று வீதியில் இருந்தார்கள். காலநிலை மாற்றத்துக்கு மருந்து என்று வருவதும் காணி வழியாகத்தான் வருகிறது. காணி என்றால் திருகோணமலையில் அது யாருடைய காணி என்ற பழைய காயம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்திய முடிவும் சூழலின் பெயரால்தான் எடுக்கப்பட்டது. பயிர் வெளிறியபோது அதை எடுத்தவர்கள் வரம்பில் நிற்கவில்லை. தரிசும் கூரையும் இருக்க வயலில் சூரிய மின்பலகை நடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, உங்கள் அப்பாவின் போகத்துக்கு வருவோம். ஐப்பசி மழை பிந்தியதற்கு யாரையும் கேட்க முடியாது. அது ஊசலாட்டமாகவும் இருக்கலாம், மாற்றத்தின் பங்கும் இருக்கலாம். முளைக்காத விதைக்கு ஒரு நனைப்புத் தண்ணீர் விடக் குளத்தில் நீர் இருந்ததா என்பதை நிச்சயம் கேட்கலாம். குளத்து நீர்மட்டம் தினமும் பதியப்படுகிறது, அந்த நாட்களின் அளவைக் கேட்டு வாங்குங்கள். இருந்தும் விடவில்லை என்றால் அப்பா சொல்வது சரி. இல்லையென்றால் அதிகாரியிடம் வேறு கேள்வி இருக்கிறது: மாசி மழை வரப்போவதை எத்தனை நாள் முன்னால் அறிந்தார்கள், வெட்டு இயந்திரங்களை முன்கூட்டி இறக்க ஏன் ஒழுங்கு செய்யவில்லை? அடுத்த மாரிக்கு நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டாகப் பிரித்து விதைக்கச் சொல்லுங்கள். முதல் மழையில் ஏமாறாமல், மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு விதைக்கட்டும். கார்த்திகை நடுவைத் தாண்டினால் மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத இனத்துக்கு, இன்னும் பிந்தினால் பிஜி 250 போன்ற இரண்டரை மாத இனத்துக்கு மாறலாம். விளைச்சல் கொஞ்சம் குறையும், மாசி மழைக்கு முன் வீடு வந்து சேர வாய்ப்புக் கூடும். இரண்டாம் தர விதைநெல்லை இப்போதே எடுத்து வைக்கவேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முளைக்காத வருடத்தில் கடையில் அது கிடைக்காது. ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். விதைத்த நாள், முதல் மழை, தண்ணீர் கேட்ட நாள், தண்ணீர் வந்த நாள், நட்டமானால் எத்தனை ஏக்கர் என்று அப்பா தன் கையாலேயே எழுதட்டும். பயிர்க் காப்புறுதி கேட்கவும் அது உதவும். அடுத்த போக ஆரம்பக் கூட்டத்துக்கு அதையும் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.